வேலை, வீடு, சர்ச்சோடு எம்.எஸ்.டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) படித்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். குடியாத்தத்தில் பீடி சுற்றும் பெண்களின் சுய உதவிக் குழுக்களோடு வேலை செய்கிறேன். மடியிலிருந்து முறத்தை இறக்கிய பிறகுதான் அவர்களால் கூட்டத்துக்கு வர முடியும். நான் வீடு திரும்ப எட்டு மணியாகிவிடும்.

இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்.டபிள்யூ சேர ஆசை. தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். டிசம்பரில்தான் கேரல் ரவுண்ட்ஸ் (வீடு வீடாகப் போய் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுவது), ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் நாடகம் எல்லாமே! (நாடகத்தை மட்டும் விட மாட்டேன்.) "படிம்மா, பிள்ளையை நான் பார்த்துக்கறேன்" என்கிறார் மாமியார். அவருக்கே மூட்டுவலி.

வேலூர் பக்கம் வேலையில் இருந்துகொண்டே படித்தவர்கள் சொல்லுங்கள்: படிப்பில் வரும் களப்பணியை வேலை செய்யும் இடத்திலேயே முடிக்க விடுகிறார்களா? எல்லாத் தாளையும் ஜூனுக்கே தள்ளினால் சரிவருமா? அப்புறம், நான் தமிழ்வழி. ஆங்கிலத்தில் அசைன்மென்ட் எழுத எப்படிப் பழகினீர்கள்? பழைய புத்தகம் இருந்தால் வந்து வாங்கிக்கொள்கிறேன்.