ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊர்ல ஒரு 1990 மாருதி 800, வாங்கலாமா?

கீழக்கரை_பையன்:
அண்ணன்மாரே, கார்புரேட்டர் வண்டி, மூணு சிலிண்டர், 796 சிசி. ஜப்பான்ல சுஸுகி ஆல்ட்டோவா ஓடுன அதே வடிவம். சின்ன வயசுல இருந்தே இது மேல கொள்ளை ஆசை. பெயின்ட் புதுசு, பளபளன்னு இருக்கு. எதைப் பார்த்து வாங்கணும்?

தொண்டி_டிங்கர்:
தம்பி, அந்தப் பளபளப்புதான் எனக்குப் பயம். உப்புக்காத்துல 30 வருஷத்துக்கு மேல நின்ன வண்டி. சின்ன காந்தத்தைத் துணியில சுத்தி வீல் ஆர்ச் (சக்கரத்துக்கு மேல வர்ற வளைவு), கதவுக்கு அடிப்பக்கம் எல்லாம் வச்சுப் பாருங்க. ஒட்டலைன்னா அங்க தகடு இல்ல, ஓட்டையை மறைக்கப் பூசுன பட்டிதான். காலடியில விரிச்ச மேட்டைத் தூக்கிட்டு ஸ்க்ரூடிரைவர் பிடியால தரையைத் தட்டுங்க. 'ணங்'னு கேக்கணும், 'பொத்'துன்னா வேண்டாம். இதுக்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடிதான் எல்லாத்தையும் தாங்குது. என்ஜினைச் சரி பண்ணிடலாம், தரை போனா வண்டியே போச்சு.

ராம்நாடு_கார்:
ஆர்.சி.யையும் பாருங்க. 15 வருஷத்துக்கு அப்புறம் 5 வருஷத்துக்கு ஒருக்கா எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பிக்கணும், பசுமை வரியும் உண்டு. பாடியில அடிச்சிருக்கற சேஸிஸ் நம்பர் துருவுல அழிஞ்சிருந்தா அலைச்சல்தான்.

கீழக்கரை_பையன்:
போய்ப் பார்த்தேண்ணே. பின் வீல் ஆர்ச் ரெண்டுலயும் காந்தம் ஒட்டல. டிரைவர் காலடியில தட்டினா 'பொத்'துன்னுதான் கேக்குது. விலையைக் குறைச்சுத் தர்றாங்களாம்.

தொண்டி_டிங்கர்:
சும்மா குடுத்தாலும் வேண்டாம் தம்பி. பரமக்குடிப் பக்கம், கடல்காத்து படாத வண்டியாத் தேடுங்க. கிடைச்சா சொல்லுங்க, நானே வந்து தட்டிப் பார்க்கறேன்.