ஆதார், ரயில் டிக்கெட் ஆப் தேடினால் ஒரே மாதிரி பத்து வருகிறது: அசலைக் கண்டுபிடிப்பது எப்படி?

செவ்வந்தி

வணக்கம். ஊரில் இருக்கும் அப்பாவுக்கு ஆண்ட்ராய்டு 9 போன், 32 ஜிபி. அதில் ஆதார், டிஜிலாக்கர் (ஆவணங்களை டிஜிட்டலாக வைக்கும் அரசு சேவை), ரயில் டிக்கெட் மூன்றுக்கும் ஆப் போட வேண்டும். பிளே ஸ்டோரில் ‘ஆதார்’ என்று அடித்தால் மூவர்ணப் படம் போட்ட ஆப்கள் வரிசைகட்டி நிற்கின்றன. சிலவற்றுக்கு நாலரை ஸ்டார், லட்சக்கணக்கில் டவுன்லோடு. திறந்தால் பாதித் திரை விளம்பரம். அசலை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ரேட்டிங்கை நம்பலாமா?

இன்னொன்று. ஒரு ஆப்புக்கு ‘உங்கள் சாதனத்துக்குப் பொருந்தாது’ என்று வருகிறது. வெளித்தளத்திலிருந்து ஏபிகே (ஆப்பை நேரடியாக நிறுவும் ஃபைல்) எடுத்துப் போடலாமா? அவர் தனியாக இருக்கிறார், இங்கிருந்தே செய்ய வழி இருந்தால் இன்னும் நல்லது.

தூக்கணாங்குருவி

ரொம்ப சிம்பிள். தேடினதும் மேல ‘ஸ்பான்சர்டு’ன்னு சின்ன எழுத்துல போட்டிருக்கும், அதெல்லாம் காசு கொடுத்துப் பிடிச்ச இடம். அதைத் தள்ளிட்டுக் கீழ பாருங்க. அப்புறம் ஆப்போட ஐடி ‘இன் டாட் கவ்’னு ஆரம்பிச்சா அரசாங்கத்தோடது. இல்லாட்டி போலி. அவ்ளோதான்.

ஆழிமணல்

குருவி, முதல் பாதி சரி. இரண்டாவது பாதியை நம்பி யாரும் இறங்க வேண்டாம்.

ஆப்பின் ஐடி என்பது, கம்ப்யூட்டரில் பிளே ஸ்டோர் பக்கத்தைத் திறந்தால் மேலே முகவரியில் ‘ஐடி’க்கும் சமக்குறிக்கும் பின்னால் வரும் தொடர். ஸ்டோரில் ஒரே ஐடியில் இரண்டு ஆப் இருக்க முடியாது, அந்த அளவுக்கு அது உறுதி. ஆனால் முதல் முறை ஏற்றும்போது அந்தத் தொடரை எழுதுவது ஆப் செய்தவர்தான். ‘கவ்’ என்ற சொல்லை எழுதிக்கொள்ள அரசாங்கமாக இருக்க வேண்டியதில்லை. மறுபக்கம் பாருங்கள்: டிஜிலாக்கரின் ஐடி ‘காம் டாட் டிஜிலாக்கர் டாட் ஆண்ட்ராய்டு’. ரயில் டிக்கெட் எடுக்கும் ஆப்பான ஐஆர்சிடிசி ரயில் கனெக்டின் ஐடி ‘கிரிஸ்’ என்று தொடங்குகிறது, ரயில்வேயின் மென்பொருள் அமைப்பின் பெயர் அது. குருவி சொல்லும் விதிப்படி இரண்டு அசலும் போலியாகிவிடும். ஆதார் ஆப்பான எம்ஆதார் ஒன்றுதான் ‘இன் டாட் கவ் டாட் யுஐடிஏஐ’ என்று தொடங்கி அந்த விதிக்குள் வருகிறது; யுஐடிஏஐ என்பது ஆதார் வழங்கும் அமைப்பு.

செவ்வந்தி, தேடல் பெட்டியில் தொடங்குவதால்தான் இவ்வளவு வம்பு. ஸ்டோருக்குள் தேடாமல், அந்தந்த அமைப்பின் இணையதளத்துக்குப் போய் அங்கே உள்ள பிளே ஸ்டோர் லிங்கை அழுத்துங்கள். நேராக அந்த ஆப்பின் பக்கத்திலேயே போய் நிற்கும். ஆதாருக்கு யுஐடிஏஐ டாட் கவ் டாட் இன். டிஜிலாக்கருக்கு டிஜிலாக்கர் டாட் கவ் டாட் இன். இணைய முகவரியில் வரும் ‘கவ் டாட் இன்’ அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படுவது, ஆப் ஐடி மாதிரி யாரும் எழுதிக்கொள்ள முடியாது. ரயிலுக்கு மட்டும் கவனம்: ஐஆர்சிடிசி ஒரு பொதுத்துறை நிறுவனம், அதன் முகவரி ஐஆர்சிடிசி டாட் கோ டாட் இன். அங்கே ‘கவ்’ இல்லை என்று பயப்பட வேண்டாம். முகவரியைக் கையால் அடியுங்கள். கூகுளில் தேடினால் அங்கேயும் மேலே விளம்பரம்தான் வரும்.

ஆப் செய்தவர் பெயரையும் மேலோட்டமாகப் பார்த்து நம்பக் கூடாது. 2017 நவம்பரில் வாட்ஸ்அப் பெயரில் ஒரு போலி பிளே ஸ்டோருக்குள்ளேயே இருந்தது. செய்தவர் பெயரும் அச்சு அசலாக ‘வாட்ஸ்அப் இங்க்’ என்றே இருந்தது. பெயரின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி எழுத்தைச் சேர்த்திருந்தார்கள். கணினிக்கு அது வேறு பெயர், கண்ணுக்கு ஒரே பெயர். நீக்குவதற்குள் பத்து லட்சம் டவுன்லோடு தாண்டிவிட்டது. அதனால் பெயரைப் படித்தால் மட்டும் போதாது, அழுத்திப் பாருங்கள். அதே ஆள் போட்ட மற்ற ஆப்கள் வரும். ‘ஆதார் சேவை’ போட்டவரே வால்பேப்பரும் டார்ச் லைட்டும் போட்டிருந்தால் மேலே யோசிக்க என்ன இருக்கிறது?

2024-லிருந்து கூகுள் பல நாடுகளில் அரசு ஆப்களுக்கு ‘கவர்ன்மென்ட்’ என்று ஒரு பேட்ஜ் தருகிறது, இந்தியாவும் அதில் உண்டு. பேட்ஜ் இருந்தால் நல்லது. இல்லை என்பதற்காகப் போலி என்று முடிவு கட்ட வேண்டாம்.

குறிஞ்சிமலர்

ஆழிமணல் சொன்னதோடு ஒன்று. அந்த மூவர்ண ஆப்களில் பெரும்பாலானவை கூகுள் பார்வையில் ‘போலி’ அல்ல, அதனால்தான் நீக்கப்படாமல் இருக்கின்றன. அரசாங்கத் தகவலைத் தரும் தனியார் ஆப் எதுவும் தகவல் எங்கிருந்து எடுத்தது என்ற லிங்கையும், ‘நாங்கள் அரசைச் சார்ந்தவர்கள் அல்ல’ என்ற அறிவிப்பையும் விளக்கத்தில் போட வேண்டும் என்பது பிளே ஸ்டோர் விதி. போடுகிறார்கள், ஆனால் எங்கே? விளக்கம் 4000 எழுத்து வரை போகலாம். அதில் கடைசிப் பத்தியில். ‘அபவுட் திஸ் ஆப்’ அம்புக்குறியை அழுத்தி அடி வரைக்கும் உருட்டினால் அந்த வரி கிடைக்கும். பத்து ஆப்பில் எட்டைக் கழிக்க இந்த ஒரு வரி போதும்.

இந்த ஆப்கள் உள்ளே செய்வது எளிய வேலை: அரசின் இணையதளத்தையே தன் ஜன்னலுக்குள் திறந்து, சுற்றிலும் விளம்பரம் ஓட்டுவது. ஆனால் அந்த ஜன்னல் அவர்களுடையது. அதில் அடிக்கும் ஆதார் எண்ணையும் ஓடிபியையும் படிக்க நினைத்தால் அவர்களால் படிக்க முடியும். ‘வெறும் விளம்பரம்தானே’ என்று விடக் கூடாது என்பது அதனால்தான்.

ரேட்டிங் விஷயம். நீங்கள் பார்க்கும் 4.5 ஆயுள் முழுவதற்குமான சராசரி அல்ல. 2019-லிருந்து சமீபத்திய மதிப்பீடுகளுக்குக் கூடுதல் எடை தருகிறார்கள். 2021 நவம்பரிலிருந்து நாட்டுக்கு நாடு எண் மாறுகிறது. அந்த எண்ணை விடுங்கள், ரிவ்யூக்குள் போய் ‘மோஸ்ட் ரீசன்ட்’ என்று வரிசைப்படுத்துங்கள். ஐந்து ஸ்டார்களைத் தாண்டிவிட்டு இரண்டு, மூன்று ஸ்டார் போட்டவர்களைப் படியுங்கள். ‘நைஸ்’, ‘சூப்பர்’ என்று ஒரு சொல் ரிவ்யூ எதற்கும் உதவாது. ‘ஓடிபி வரவில்லை’, ‘போன வார அப்டேட்டுக்குப் பிறகு திறக்கவில்லை’ என்று எழுதியிருந்தால் அது பயன்படுத்தியவர் எழுத்து. ஒரு எச்சரிக்கை: அசல் அரசு ஆப்களுக்கு ரேட்டிங் பல நேரம் குறைவாகவே இருக்கும். சர்வர் தொங்கினால் மக்கள் கோபத்தை அங்கேதான் கொட்டுகிறார்கள். மூன்றரை ஸ்டார் அசலை விட்டுவிட்டு நாலரை ஸ்டார் நகலைப் போட்டுவிடாதீர்கள்.

‘டேட்டா சேஃப்டி’ பகுதியில் எழுதியிருப்பது ஆப் செய்தவர் தானாகச் சொன்னது. கூகுள் ஒவ்வொன்றாகச் சோதித்து எழுதியது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. அதைவிட உருப்படியானது ‘அபவுட் திஸ் ஆப்’ அடியில் இருக்கும் ‘ஆப் பெர்மிஷன்ஸ்’. 2022 ஜூலையில் கூகுள் அதை எடுத்துவிட்டு, எதிர்ப்பு வந்ததும் திரும்ப வைத்தது. பிஎன்ஆர் பார்க்கும் ஆப் கான்டாக்ட்ஸ் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

ஏரிக்கரை

ஏபிகே பற்றி யாரும் சொல்லவில்லை. போடாதீங்க.

‘பொருந்தாது’ன்னு வர்றதுக்கு நாலைஞ்சு காரணம் இருக்கு: ஆண்ட்ராய்டு பதிப்பு பழசு, ப்ராசசர் 32 பிட், அந்த ஆப்புக்கு வேண்டிய வன்பொருள் போன்ல இல்ல, இல்லாட்டி கணக்கு வேற நாட்டுல இருக்கு. கம்ப்யூட்டர்ல அந்த ஆப் பக்கத்தைத் திறந்து ‘அபவுட் திஸ் ஆப்’ பாருங்க, எந்த ஆண்ட்ராய்டுல இருந்து ஓடும்னு போட்டிருக்கும். ஆண்ட்ராய்டு 10-க்கு மேலன்னு இருந்தா வெளியில இருந்து அதே ஏபிகே கொண்டுவந்தாலும் ஏறாது. ஏறுற மாதிரி ஒண்ணு கிடைச்சா அது பழைய பதிப்பு, இல்லைன்னா யாரோ பிரிச்சு மாத்திக் கட்டினது. மாத்திக் கட்டினதோட டிஜிட்டல் கையெழுத்து (ஆப் செஞ்சவங்க போடுற முத்திரை) அசலோட பொருந்தாது. அதனால பிளே ஸ்டோர் அப்டேட் அதுமேல ஏறவே ஏறாது, ‘ஆப் நாட் இன்ஸ்டால்டு’ன்னு நிக்கும். அப்புறம் முழுசா அழிச்சாத்தான் வழி.

ரயில் ஆப்னா இன்னும் கவனம். 2023-ல ஐஆர்சிடிசியே எச்சரிக்கை விட்டுச்சு, வாட்ஸ்அப்புலயும் டெலிகிராம்லயும் ‘ஐஆர்சிடிசி கனெக்ட்’ன்னு ஒரு ஏபிகே சுத்துது, போடாதீங்கன்னு.

ஆண்ட்ராய்டு 9-க்குப் பாதுகாப்பு அப்டேட் நின்னு வருஷக்கணக்காச்சு. அந்தப் போன்ல பேங்க் வேலையெல்லாம் வேண்டாம். ஆப் ஓடலைன்னா அந்த இணையதளத்தையே க்ரோம்ல திறந்து, மூணு புள்ளி அழுத்தி ‘ஆட் டு ஹோம் ஸ்கிரீன்’ குடுத்துடுங்க. ஆப் மாதிரியே ஐகான் வந்துடும், 32 ஜிபில இடமும் பிடிக்காது.

செவ்வந்தி

எல்லோருக்கும் நன்றி. யுஐடிஏஐ பெயரில் எம்ஆதார் என்று ஒன்று, வெறும் ‘ஆதார்’ என்று ஒன்று, இரண்டு கண்ணில் படுகிறது. இரண்டில் எது போலி? ரயிலுக்கும் ‘ரயில்ஒன்’ என்று புதிதாக ஒன்று பார்த்தேன். இங்கிருந்தே போட முடியுமா என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

ஆழிமணல்

இரண்டும் யுஐடிஏஐ விட்டவையே. எம்ஆதார் பழையது, ‘ஆதார்’ என்பது 2025-ல் வந்த புது ஆப். எது வேண்டும் என்பதை அவர்கள் தளத்தில் பார்த்து அந்த லிங்கிலேயே போங்கள். எதைப் போட்டாலும் ஆதாரில் பதிந்த மொபைல் எண்ணின் சிம் அப்பா கையில் இருக்க வேண்டும், ஓடிபி அதற்குத்தான் வரும். ரயில்ஒன்னும் அசல்தான். 2025 ஜூலை 1 அன்று வெளியிட்டார்கள், முன்பதிவு இல்லாத டிக்கெட், பிளாட்ஃபார்ம் டிக்கெட் எல்லாம் அதிலேயே எடுக்கலாம். ரயில் கனெக்ட் கணக்கு ஏற்கனவே இருந்தால் அதே பெயர், பாஸ்வேர்டில் நுழையலாம்.

தூரத்திலிருந்து போட: கம்ப்யூட்டரில் பிரவுசரின் இன்காக்னிட்டோ ஜன்னலில் அப்பாவின் கூகுள் கணக்கில் நுழையுங்கள். அவர் போனில் ‘நீங்கள்தானா’ என்று கேட்கும், ‘ஆம்’ அழுத்தச் சொல்லுங்கள். ஓடிபியைப் போனில் படித்துக் காட்டச் சொல்லிப் பழக்காதீர்கள், நாளைக்கு வேறு யாராவது கேட்டாலும் அதே மாதிரி படித்துவிடுவார். பிறகு ஆப்பின் பக்கத்தில் ‘இன்ஸ்டால்’ அழுத்தினால் சாதனப் பட்டியல் வரும், அவர் போன் மாடலைத் தேர்ந்தெடுங்கள். போனில் நெட் இருந்தால் தானாக இறங்கிவிடும். பொருந்தாத போன் என்றால் பட்டியலிலேயே தெரிந்துவிடும். வேலை முடிந்ததும் ஜன்னலை மூடிவிடுங்கள். கணக்கில் நுழைய விருப்பம் இல்லையென்றால், ஆப் பக்கத்தின் லிங்கை நீங்களே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், அழுத்தினால் பிளே ஸ்டோரில் அந்தப் பக்கமே திறக்கும்.

ஊருக்குப் போகும்போது ஒரு வேலை. செட்டிங்ஸ், ‘ஆப்ஸ்’, ‘ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ்’, அதில் ‘இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்’. அங்கே வாட்ஸ்அப், க்ரோம், ஃபைல்ஸ் மூன்றும் ‘நாட் அலௌடு’ என்று இருக்கிறதா பாருங்கள். ‘இன்று இரவு கரண்ட் கட்’ என்று மெசேஜ் அனுப்பி ஏமாற்றும் மோசடிக் கும்பல் நுழையும் வாசல் அதுதான். அதை அடைத்தாலும் திரையைப் பகிரும் ஆப்பை பிளே ஸ்டோரிலிருந்தே போடச் சொல்வார்கள். அது அசல் ஆப்தான், அதனால் ஸ்டோர் தடுக்காது. ரிசர்வ் வங்கி 2019-லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. அப்பாவிடம் வாயால்தான் சொல்லி வைக்க வேண்டும்.

செவ்வந்தி

அனுப்பிவிட்டேன். டிஜிலாக்கர் ஏறிவிட்டது, எம்ஆதார் மட்டும் அரை மணி நேரமாக ‘பெண்டிங்’ என்றே நிற்கிறது.

ஏரிக்கரை

பிளே ஸ்டோர்ல மேல இருக்கிற கணக்குப் படத்தை அழுத்தி ‘மேனேஜ் ஆப்ஸ் அண்ட் டிவைஸ்’ போகச் சொல்லுங்க. வேற ஆப் அப்டேட் வரிசைல நிக்கும், அதை எல்லாம் கேன்சல் பண்ணட்டும். ஒரே நேரத்துல சிலதுதான் இறங்கும், பெருசா ஏதாவது முன்னாடி நின்னா மத்தது காத்துக்கிடக்கலாம். அடுத்து அதே இடத்துல செட்டிங்ஸ், ‘நெட்வொர்க் பிரிஃபரன்சஸ்’. டவுன்லோடு வைஃபைல மட்டும்னு இருந்தா மொபைல் டேட்டால இறங்காது, மாத்தணும். இடமும் பாருங்க, 1 ஜிபியாவது காலியா இருக்கணும். வாட்ஸ்அப்ல வந்த குட் மார்னிங் வீடியோவை அழிச்சாலே கிடைச்சிடும்.

இதுக்கும் அசையலைன்னா போன் செட்டிங்ஸ்ல ஆப்ஸ், கூகுள் பிளே ஸ்டோர், ஸ்டோரேஜ், ‘கிளியர் கேஷ்’. ‘கிளியர் டேட்டா’வைக் கடைசியா வச்சுக்கோங்க. அதுல ஆப் எதுவும் அழியாது, ஆனா பிளே ஸ்டோர்ல வச்ச செட்டிங்ஸ் எல்லாம் பழையபடி ஆகிடும், வைஃபை விஷயத்தைத் திரும்ப ஒரு தடவை பாக்கணும்.

செவ்வந்தி

வரிசையில் ஒரு கேம் அப்டேட் நின்றது. கேன்சல் செய்ததும் இறங்கிவிட்டது. அந்த கேம் யார் போட்டது என்றுதான் தெரியவில்லை.

ஏரிக்கரை

பேரப் பசங்க வந்துட்டுப் போயிருப்பாங்க. பிளே ஸ்டோர் செட்டிங்ஸ்ல ‘பர்ச்சேஸ் வெரிஃபிகேஷன்’ ஆன் பண்ணி வைங்க. ‘பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’லயும் ஒரு பார்வை பாத்துடுங்க, ஆப்பை அழிச்சா மட்டும் சந்தா நிக்காது. அங்க போய் கேன்சல் பண்ணாத்தான் நிக்கும்.