புதுப்பிப்பு: தூத்துக்குடியில் நின்ற கருப்பட்டி வந்துவிட்டது

உடன்குடியிலிருந்து வரவழைத்த கருப்பட்டி தூத்துக்குடித் துறைமுகத்திலேயே நிற்கிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லாருக்கும் நன்றி. சரக்கு சிங்கப்பூர் வந்து சேர்ந்துவிட்டது.

சிக்கல் ஏடி கோடில்தான், அதாவது ஏற்றுமதிப் பணத்தைக் கையாளும் வங்கிக்குரிய குறியீட்டு எண்ணில். அனுப்புகிற அண்ணாச்சியிடம் ஏற்றுமதி இறக்குமதிக்கான ஐஇசி எண் இருந்தது. ஆனால் வங்கியின் ஏடி கோடைச் சென்னைத் துறைமுகத்துக்கு மட்டும்தான் பதிந்திருந்தார். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தனியாகப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் ஷிப்பிங் பில், அதாவது சுங்கத்துக்குத் தரும் ஏற்றுமதி ஆவணம், போட முடியாது. வங்கிக் கடிதம் வாங்கி இந்தியச் சுங்கத்துறையின் ஐஸ்கேட் இணையதளத்தில் ஏற்றினார், சுங்கத்துறை ஒப்புதல் தந்ததும் சரக்கு நகர்ந்தது. சிறு ஏற்றுமதியாளர்களுக்கு இதையெல்லாம் முதலிலேயே யாராவது உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டும்.

இந்தப் பக்கம், சிங்கப்பூரில், வேலை குறைவு. சிங்கப்பூர் உணவு அமைப்பில் என் பதிவு ஏற்கெனவே இருந்ததால் ஏஜென்ட் டிரேட்நெட் என்ற இணைய அமைப்பில் இறக்குமதி பெர்மிட் எடுத்துவிட்டார். இங்கே 9% ஜிஎஸ்டி வரி பொருள் விலைக்கு மட்டுமல்ல, கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்த தொகைக்கு. விலை வைக்கும்போது மறந்துவிடாதீர்கள்.

அப்புறம், பெட்டியைத் திறந்தால் ஓரத்துக் கட்டிகள் வியர்த்து, சுற்றியிருந்த ஓலை பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. நடுவில் இருந்தவை கெட்டியாக, நல்ல மணத்தோடு இருந்தன. அடுத்த முறை ஒவ்வொரு கட்டியையும் காற்றுப்புகாத உறையில் போட்டு அனுப்புவதாக அண்ணாச்சி சொல்லியிருக்கிறார்.