டெங்கு பிரசாரம்: எந்தக் கோட்பாட்டை எடுத்துக்கொள்வது?

கேள்வி: புதுத்தளிர்

வணக்கம். ரங்கூனில் தமிழ்க் குடும்பங்கள் நெருக்கமாக இருக்கும் ஒரு வட்டாரத்தில், கோயில் இளைஞர் மன்றம் சார்பாக டெங்கு தடுப்பு வேலை செய்கிறோம். சுமார் 300 வீடு. தமிழிலும் பர்மிய மொழியிலும் துண்டறிக்கை கொடுத்தாயிற்று. யாரைக் கேட்டாலும் "நல்ல தண்ணீரில் வளரும், பகலில் கடிக்கும்" என்று சரியாகச் சொல்கிறார்கள். ஆனால் டிரம்மை எட்டிப் பார்த்தால் புழு நெளிகிறது. அடுத்த பிரசாரத்துக்குச் சுகாதார நம்பிக்கை மாதிரி நல்லது என்கிறார் ஒருவர், மாற்றத்தின் படிநிலைகள் (மனிதர்கள் யோசிப்பதிலிருந்து செய்வதுவரை கட்டம் கட்டமாக மாறுகிறார்கள் என்பது) என்கிறார் இன்னொருவர். எதை எடுப்பது? பணம் குறைவு.

பதில்: மருதாணி

தம்பி, கோட்பாட்டைப் பிறகு பார்க்கலாம். யார், எதை, எப்போது செய்ய வேண்டும் என்று முதலில் ஒரே வரியில் எழுதுங்கள். "சுற்றுப்புறத்தைச் சுத்தமாக வைப்போம்" என்று சொன்னால் யாருக்கும் கையில் வேலை கிடைக்காது. "வீட்டில் தண்ணீர் பிடித்து வைப்பவர், வாரம் ஒருமுறை டிரம்மின் உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்" என்றால் செய்தாரா இல்லையா என்று போய்ப் பார்த்துவிடலாம்.

சுகாதார நம்பிக்கை மாதிரி 1950களில் அமெரிக்காவில் பிறந்தது. காசநோய்க்கு இலவசமாக எக்ஸ்ரே எடுத்தும் மக்கள் ஏன் வருவதில்லை என்பதுதான் அன்றைய கேள்வி. எனக்கு இந்த நோய் வருமா, வந்தால் எவ்வளவு கடுமை, இதைச் செய்தால் என்ன பலன், செய்ய என்ன தடை என்று நான்கையும் அது கேட்கிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முதல் இரண்டும் உங்கள் மக்களுக்கு நன்றாகவே தெரியும். அதையே இன்னும் பெரிய எழுத்தில் அச்சடித்தால் காசுதான் போகும். சிக்கல் தடையில் இருக்கிறது. 2011இல் வந்த காம்-பி மாதிரி இங்கே கைகொடுக்கும். திறன், வாய்ப்பு, உந்துதல் மூன்றில் எது குறைகிறது என்று பார்ப்பதுதான் அதன் சாரம்.

தடையை ஊகிக்காதீர்கள், கேளுங்கள். கடந்த 7 நாளில் டிரம்மைத் தேய்த்தவர்கள் 45 பேர், தேய்க்காதவர்கள் 45 பேர். இருவரிடமும் ஒரே கேள்விகள்: எது சுலபமாக்குகிறது, எது கஷ்டமாக்குகிறது, செய்தால் யார் மெச்சுவார்கள், யார் முகம் சுளிப்பார்கள், மறந்து போகிறதா? ஒரு பதிலில் இரு பக்கமும் 15 சதவீதப் புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால், பிரசாரம் அதைச் சுற்றித்தான் இருக்க வேண்டும். தேய்ப்பவர்களை விட்டுவிட்டுத் தேய்க்காதவர்களை மட்டும் கேட்பதுதான் வழக்கமான தவறு. "நேரமில்லை" என்று இரு பக்கமும் சொல்வார்கள். அப்படியானால் அது தடையே இல்லை.

தண்ணீரை விலைக்கு வாங்கும் வீட்டில் "கொட்டிவிடுங்கள்" என்று சொன்னால் கதவைச் சாத்திவிடுவார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. நல்ல பழக்கத்தையும் சரக்கு விற்பதுபோலத் திட்டமிட்டுப் பரப்பும் முறைக்குச் சந்தைப்படுத்தல் அறிஞர்கள் கோட்லரும் சால்ட்மனும் 1971இல் சமூகச் சந்தைப்படுத்தல் என்று பேர் வைத்தபோதே, விளம்பரம் நான்கில் ஒன்றுதான். பொருள், விலை, கிடைக்கும் இடம் மூன்றும் கூடவே இருக்கின்றன. இங்கே விலை என்பது ஒரு டிரம் தண்ணீர். அதைக் குறைக்க வழி உண்டு: டிரம் கால்வாசிக்கு இறங்கும்வரை பொறுத்து, மீதியைத் துணியில் வடிகட்டி வாளிக்கு மாற்றிவிட்டுத் தேய்க்கலாம்.

பதில்: நீர்க்கோழி

மருதாணி அக்கா சொன்னதோடு கொசுவின் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீரில் இடுவதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டுகிறது. காய்ந்தாலும் மாதக் கணக்கில் உயிரோடிருந்து, மட்டம் ஏறியதும் பொரிக்கும். அதனால்தான் தண்ணீரை மட்டும் கொட்டிய வீட்டில் மறுபடி புழு வருகிறது. "கொட்டினேன், பயனில்லை" என்று ஒருவர் சொல்லிவிட்டால் தெருவே அதைப் பிடித்துக்கொள்ளும். ஹோண்டுராஸில் பிளீச்சும் சோப்புத்தூளும் குழைத்துச் சுவரில் பூசி, 10–15 நிமிடம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவும் முறையைப் பரப்பினார்கள். உங்களுக்கும் ஒத்துவரும்.

முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள். நம் வீடுகளில் வெள்ளிக்கிழமைக்காக வியாழக்கிழமையே வீடு கழுவும் பழக்கம் இருக்கிறதல்லவா? புதுப் பழக்கத்தை அதன் வாலில் கட்டுங்கள்: "வியாழன் வீடு கழுவும்போது டிரம்மும்." ஆடி மாதமும் மழைக்காலமும் ஒன்றாக வருவது வசதி, கூழ் ஊற்றும் இடத்திலேயே பிரஷ் கொடுக்கலாம். பர்மியக் குடும்பங்களுக்கு அவர்கள் வசதிப்படி ஒரு கிழமையைப் பேசி முடிவு செய்யுங்கள். உபோசத நாளில் (பௌத்தர்களின் விரத நாள்) பூ மாற்றும்போது செய்யலாம் என்று தோன்றும், ஆனால் சில சமயம் 8 நாள் இடைவெளி விழும். சாமி மாடத்துப் பூச்சாடிக்குத் தண்ணீருக்குப் பதில் ஈர மணல் போதும்.

மூடி விஷயத்தில் கவனம். சரியாகப் பொருந்தாத பலகை மூடி, மூடியே இல்லாததைவிட மோசமாகலாம்: உள்ளே இருட்டும் நிழலும், கொசு நுழைய இடுக்கும். 200 லிட்டர் டிரம்முக்குக் கொசுவலைத் துணியை சுமார் 85 செ.மீ. வட்டமாக வெட்டி, ஓரத்தில் எலாஸ்டிக் தைத்தால் போதும். தொய்ந்து தண்ணீரைத் தொட்டால் அந்த ஈரத்திலேயே முட்டை இடும், எனவே விளிம்புக்கு ஒரு சாண் கீழேயே தண்ணீர் நிற்க வேண்டும். தேய்க்கவே முடியாத சிமெண்டுத் தொட்டிக்கு மட்டும் 1 சதவீத டெமிஃபாஸ் (புழுக்கொல்லி மருந்து) மணல், 100 லிட்டருக்கு 10 கிராம். தொட்டியின் முழுக் கொள்ளளவுக்கு அளந்து போடுங்கள்.

புதுத்தளிர்: நன்றி. ஆஸ்பத்திரியில் கிடக்கும் குழந்தையின் படத்தைப் பேனரில் போட வேண்டும் என்று கமிட்டியில் பெரியவர்கள் பிடிவாதமாக இருக்கிறார்கள். பயம் வேலை செய்யாதா?

பதில்: மருதாணி

தனியாக வேலை செய்யாது. 1965இல் உளவியலாளர் லெவந்தாலும் உடனிருந்தவர்களும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் டெட்டனஸ் ஊசி பற்றிச் சோதித்தார்கள். பயமுறுத்தும் படம் மனப்போக்கை மாற்றியது. ஆனால் சுகாதார நிலையத்தைக் குறித்த வரைபடமும், எப்போது போவீர்கள் என்று முடிவு செய்யச் சொன்னதும் சேர்ந்தபோதுதான் ஊசி போட்டவர்கள் சுமார் 28 சதவீதம். அது இல்லாதவர்களில் 3 சதவீதம்தான். என்ன செய்வது என்று தெரியாமல் பயம் மட்டும் ஏறினால், மனிதர்கள் படத்திலிருந்து கண்ணைத் திருப்பிக்கொள்வார்கள். பெரியவர்களிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்: பேனரில் தேய்க்கும் கை, பிரஷ், வியாழக்கிழமை. அச்சடிக்கும் முன் பத்து வீட்டில் காட்டி, "இது உங்களை என்ன செய்யச் சொல்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள்.

பதில்: நீர்க்கோழி

அளவிடுவதையும் இப்போதே தீர்மானியுங்கள். "தேய்த்தீர்களா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். 100 வீட்டுக்குப் புழு உள்ள பாத்திரம் எத்தனை என்பது பிரேட்டோ குறியீடு. தொடங்கும் முன் ஒருமுறை, பிறகு மாதாமாதம். கூட்டுப்புழுவைத் தனியாக எண்ணுங்கள், ஓரிரு நாளில் கொசுவாகப் பறக்கப் போவது அதுதான். பெரும்பாலும் சில பெரிய பாத்திரங்களில்தான் அது மொய்க்கும். 300 வீட்டையும் சமமாகச் சுற்றாமல் அந்த வீடுகளுக்கு முதலில் போங்கள். போகும்போது வீட்டு அம்மாவையே டார்ச்சைப் பிடிக்கச் சொல்லுங்கள்.