ஷாம்பு விற்றவர் மார்க்கெட்டிங்கா படித்தார்?

மஞ்சக்குப்பம் டீலர்:
பிளஸ் டூ முடித்த மகளை மார்க்கெட்டிங் டிகிரியில் சேர்க்கலாமா என்று ஒரு அம்மா நேற்று இங்கே கேட்டிருந்தார். அதற்கு நெல்லிக்குப்பத்து அண்ணன், "வாயுள்ள பிள்ளைக்கு அது எதற்கு? சிக் ஷாம்பு விற்றவர் மார்க்கெட்டிங்கா படித்தார்?" என்று பதில் போட்டிருக்கிறார். எரிச்சல் அடங்கவில்லை. கடலூரில் சோப்பு, பிஸ்கட் டீலர்ஷிப் நடத்துகிறேன். வாயுள்ள பையன்கள் எத்தனையோ பேர் வேலைக்கு வந்தார்கள். எந்தக் கடையில் எந்தச் சரக்கு தேங்குகிறது, ஏன் தேங்குகிறது என்று கேட்டால் விழிப்பார்கள். நுகர்வோர் நடத்தை, சந்தை ஆய்வு, புள்ளியியல் எல்லாம் மார்க்கெட்டிங் சொல்லித்தரும் பி.பி.ஏ.வில், அதாவது வணிக நிர்வாக இளங்கலையில், வைத்திருப்பது அதற்குத்தான்.

நெல்லிக்குப்பம்:
நான் சொன்னதில் என்ன பொய்? சிக் ஷாம்பு விற்ற சி.கே. ரங்கநாதன் நம் ஊர்க்காரர். 1983இல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொடங்கினார். படித்தது வேதியியல். மறுபடி சொல்கிறேன், வேதியியல்.

மஞ்சக்குப்பம் டீலர்:
யார் இல்லை என்றது? ஆனால் அவர் அப்பா சின்னி கிருஷ்ணன், கூலிக்காரரும் வாங்கட்டும் என்று சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்க வழி கண்டவர். அண்ணன்மார் வெல்வெட் ஷாம்பு நடத்தினார்கள். வீடே பள்ளிக்கூடம். அப்புறம் அந்தக் காலிப் பாக்கெட் கதை தெரியுமா? எந்தக் கம்பெனிக் காலிப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தாலும் சிக் இலவசம் என்றார். மக்கள் பழகியதும், சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டும்தான் என்று மாற்றினார். முதலில் போட்டிக் கம்பெனியின் வாடிக்கையாளரை இழுப்பது, பிறகு விடாமல் வைத்துக்கொள்வது. வகுப்பில் நடத்துவது இதைத்தான். அந்த அம்மா வீட்டில் ஷாம்பு கம்பெனி இருக்கிறதா?

நெல்லிக்குப்பம்:
வகுப்பில் உட்காராமலே அவருக்கு அது தோன்றியதே! வேதியியல் படித்தவருக்கு!

காலாப்பட்டு எம்.பி.ஏ.:
இருவரும் கொஞ்சம் நிதானமாகப் பேசலாம். இளங்கலையில் பி.காம். படித்துவிட்டு எம்.பி.ஏ.வில் மார்க்கெட்டிங் எடுப்பதுதான் புத்திசாலித்தனம். எம்.பி.ஏ. சேர்க்கைக்கான தமிழ்நாட்டு நுழைவுத்தேர்வான டான்செட் எழுத எந்தப் பட்டமும் போதும். பொருள், விலை, இடம், விளம்பரம் என்று மார்க்கெட்டிங்கின் நாலு 'பி'யைக் கண்டுபிடித்த அமெரிக்கப் பேராசிரியர் கோட்லரே பொருளாதாரம் படித்தவர்தான்.

மஞ்சக்குப்பம் டீலர்:
நாலு 'பி' மெக்கார்த்தி என்ற இன்னொரு பேராசிரியர் சொன்னது சார், 1960இல். கோட்லரின் பெரிய புத்தகம் 1967இல்தான் வந்தது. பெயரில் எம்.பி.ஏ. போட்டுக்கொண்டு இதில் தப்பலாமா? இன்னும் இரண்டு வருடப் படிப்புக்கு எல்லா வீட்டிலும் பணம் இருக்கிறதா? டிகிரி முடித்ததும் சம்பாதிக்க வேண்டிய பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறேன் நான்.

காலாப்பட்டு எம்.பி.ஏ.:
கோட்லர் இல்லாவிட்டால் மெக்கார்த்தியை யாருக்குத் தெரியும்?

நெல்லிக்குப்பம்:
ஆக, கோட்லரும் படிக்கவில்லை, ரங்கநாதனும் படிக்கவில்லை. டீலர் தம்பிக்கு இது மட்டும் கண்ணில் படாது.

அரியாங்குப்பம் அக்கா:
எங்கள் புதுச்சேரியில் சேர்க்கட்டும். புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கை அமைப்பான சென்டாக்கில் விண்ணப்பிக்கலாம். புதிய கல்விக் கொள்கைப்படி நாலு வருட ஹானர்ஸும் உண்டு. கடலூரில் மூன்று வருடத்தோடு முடிந்துவிடும்.

மஞ்சக்குப்பம் டீலர்:
அக்கா, சென்டாக்கில் குடியிருப்புச் சான்று கேட்பார்கள். எல்லையில் இருக்கும் கன்னியக்கோயிலுக்கு இந்தப் பக்கம், கடலூரில் பிறந்த பிள்ளை அதற்கு எங்கே போகும்? நாலு வருடம் என்பது பெருமையா, கூடுதல் செலவா?

அரியாங்குப்பம் அக்கா:
சரக்கு எடுக்க மட்டும் புதுச்சேரி வேண்டும், படிப்பு என்றால் செலவா? வேண்டாதவர் மூன்று வருடத்திலேயே வெளியே வரலாம். தெரிந்துகொண்டு பேசுங்கள்.

நெல்லிக்குப்பம்:
மூன்றோ நாலோ, அது டம்மிப் படிப்பு.

மஞ்சக்குப்பம் டீலர்:
டம்மியா? 2024-25 முதல் பி.பி.ஏ.வை, தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்திய கவுன்சிலான ஏ.ஐ.சி.டி.இ. தன் அங்கீகாரத்துக்குக் கீழே கொண்டுவந்துவிட்டது அண்ணே. முன்பு இங்கே நடந்த பலா மண்டி விவாதத்திலும் இப்படித்தான் ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு தொங்கினீர்கள். பண்ருட்டியில் ஒரே பலா, மண்டியில் ஒரு விலை, சுளையாக உரித்துப் பெட்டியில் வைத்தால் வேறு விலை. அதை யாரிடம், எந்த ஊரில், எவ்வளவுக்கு விற்பது என்று கணக்குப் போடுவதும் படிப்புதான். அந்தப் பெண் அதைப் படிக்கட்டும், விடுங்கள்.

நெல்லிக்குப்பம்:
பலா விவாதத்தில் தொங்கியது நீங்கள். பழைய பதிவைப் போய்ப் பாருங்கள். அப்புறம், அவர் படித்தது வேதியியல்.

மஞ்சக்குப்பம் டீலர்:
காலிப் பாக்கெட்டுக்கு இன்னும் பதில் வரவில்லை.

காலாப்பட்டு எம்.பி.ஏ.:
மெக்கார்த்தி விஷயத்தை நானும் விடப்போவதில்லை. இரவு எழுதுகிறேன்.