ஆளில்லா லாரி வருகிறது, நான் எந்தப் பக்கம் திரும்புவது?

17 ஆண்டுகளாக நெடுந்தூர லாரி ஓட்டுகிறேன். வயது 42. தானியங்கி லாரிகளைச் சோதிக்கப் போவதாக எங்கள் நிறுவனம் சொல்லிவிட்டது. எங்கள் கதி என்ன என்பதை மட்டும் சொல்லவில்லை.

நிர்வாகத்திடம் இருமுறை கேட்டேன். "பிறகு பார்க்கலாம்" என்றார்கள். பழுதுநீக்கும் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். மின்னணு அடிப்படை தெரியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நானே தேடிப் படித்தேன். 2025 மே மாதம் அமெரிக்காவில் டல்லாஸ், ஹூஸ்டன் இடையே ஓட்டுநரில்லாத சரக்கு லாரி ஓடுவதாக, தானியங்கி ஓட்டும் தொழில்நுட்பம் செய்யும் அரோரா நிறுவனம் அறிவித்தது. அதே மாதமே, லாரி தயாரிப்பாளர் கேட்டதால், ஓட்டுநர் இருக்கையில் மீண்டும் ஓர் ஆளை உட்கார வைத்தது. சிரித்துவிட்டேன்; ஆனாலும் தூக்கம் வரவில்லை.

நேரான நெடுஞ்சாலை ஆளில்லா லாரிக்குக் கைவந்துவிட்டது. குறுகலான கிடங்கு வாசலில் கண்ணாடியைப் பார்த்து அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுப்பதும், தார்ப்பாய்க் கயிறு தளர்ந்ததைப் படபடக்கும் சத்தத்திலேயே கண்டுபிடிப்பதும் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. ஆனால் எனக்குச் சம்பளம் கிலோமீட்டர் கணக்கில்தானே!

துறை அறிந்தவர்கள் சொல்லுங்கள்: இப்போதே கிடங்கு, நகரக் குறுந்தூர ஓட்டத்துக்கு மாறிவிடுவதா, தொலைவிலிருந்து லாரிகளைக் கண்காணிக்கும் வேலைக்குப் படிப்பதா?