ஸ்பைடர்மேனின் காதலி க்வென் விழுந்த அன்று நீங்கள் எந்த ஊர்த் தியேட்டரில் இருந்தீர்கள்?

காரைக்குடி:
2014 மே 1. மேதின லீவு, மண்டையைப் பிளக்கிற வெயில். ‘தி அமேசிங் ஸ்பைடர்மேன் 2’ தமிழில் வந்திருந்தது. சென்னையிலிருந்து வந்த சித்தப்பா மகனோடு மேட்னி போனேன். காமிக்ஸ் பழக்கமெல்லாம் அவனுக்குத்தான். எனக்குச் சிலந்தி கடித்த கதை மட்டும் தெரியும். க்வென் பச்சைக் கோட்டும் ஊதாப் பாவாடையுமாக வந்ததுமே இவன் பாப்கார்னைக் கீழே வைத்துவிட்டான். “என்னடா?” என்றேன். பதிலே இல்லை.

மணிக்கூண்டுக்குள் அவள் விழுகிறாள். பீட்டர், அதான் ஸ்பைடர்மேன், வலையை வீசுகிறான். வலையின் நுனி விரல் விரித்த கை மாதிரி அவளை நோக்கிப் போகிறது. பிடித்தும் விட்டது. நான் கை தட்டினேன். தட்டியது நான் ஒருத்தன்தான் என்பது இரண்டு விநாடி கழித்துத்தான் உறைத்தது.

வெளியே வந்து வெள்ளைப் பணியாரக் கடையில் நின்றபோதுதான் வாயைத் திறந்தான். 1973-இல் ஜெர்ரி கான்வே எழுதிய ஸ்பைடர்மேன் காமிக்ஸின் 121-ஆம் இதழிலேயே அவள் செத்துவிட்டாளாம், அதே பச்சைக் கோட்டில். அதில் வலை காலைப் பிடித்து இழுத்த வேகத்தில் கழுத்துப் பக்கம் பொடி எழுத்தில் ‘ஸ்னாப்’ என்று, எலும்பு முறிகிற சத்தத்தைப் போட்டிருக்குமாம். படத்திலும் மணிக்கூண்டுக் கடிகாரம் 1:21-இல் நின்றதைக் கவனித்தாயா என்றான். யார் கவனித்தார்கள்! காரச் சட்னி வேறு கண்ணைக் கரித்தது. சரி, சட்னிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேவகோட்டை:
நான் தியேட்டரில் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் டிவி இரண்டாங்கட்டில். அப்பத்தா சீப்புச் சீடைக்கு மாவைச் சீப்பில் வைத்துத் தேய்த்துக்கொண்டே பார்த்தார்கள். முதல் பாகமும் பார்த்தவர்கள். க்வென் விழுந்ததும் கட்டைவிரல் சீப்பிலேயே நின்றுவிட்டது; அந்தச் சீடை மட்டும் அப்பளமாகிவிட்டது. நான் அழுவார்கள் என்று நினைத்தேன். அவர்களுக்கோ கோபம். “பொண்ணைப் பெத்தவன் சாகுறப்ப என்ன கேட்டான்? எம் மகளை விட்டு ஒதுங்கிரு தம்பின்னு கேட்டான்ல? வாக்குக் குடுத்துட்டு வீட்டு வாசல்லயே போய் நின்னா?” அப்புறம் இரண்டு நாளைக்கு ஸ்பைடர்மேன் பேரை எடுத்தாலே ஏச்சுத்தான்.

எனக்கு அதுவரை அது காதல் கதை. க்வென் அப்பா கேப்டன் ஸ்டேசி 2012-இல் வந்த முதல் பாகத்திலேயே கேட்ட சத்தியத்தை நான் மறந்தே போயிருந்தேன்.

பள்ளத்தூர்:
அப்பத்தாவிடம் ஒன்று சொல்லுங்கள் அண்ணே. அவளை ஒதுக்கி வைக்க அப்பாவும் பீட்டரும் யார்? பீட்டர் வலையால் காரோடு ஒட்டிவிட்டுப் போகிறான், அதையும் மீறி வந்து மின்நிலையத்தில் சுவிட்சைப் போடுவது அவள்தான். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் படிக்கப் போக இருந்த பெண். அவ்வளவு அறிவாக எழுதிவிட்டு, கதாநாயகன் கல்லறைக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பதற்காகச் சாகடிக்கிறார்கள். 2008-இல் பேட்மேன் படத்தில் நாயகன் நேசித்த ரேச்சலுக்கும் இதே கதிதான். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. க்வென்னாக வந்த எம்மா ஸ்டோன் நடிப்பில் குறை சொல்ல மாட்டேன்.

தேவகோட்டை:
காரோடு ஒட்டினதுக்கு அப்பத்தா ஏசியது தனிக் கதை ஆச்சி. அதில் உங்கள் கட்சிதான்.

கானாடுகாத்தான்:
2021 டிசம்பர், ‘ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்’. அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். இதில் வேறொரு ஸ்பைடர்மேனின் காதலி எம்ஜே விழுகிறாள், இந்தத் தடவை 2014 படத்தில் பீட்டராக வந்த ஆண்ட்ரூ கார்ஃபீல்ட் தானே குதித்து அவளைக் கையில் ஏந்திவிட்டார். தரைக்கு வந்ததும் அவர் முகம் கோணிக்கொண்டு போகிறது. “மாமா, அதான் காப்பாத்திட்டாருல்ல, ஏன் அழுவுறாரு?” என்று கேட்டான் பயல். 2014-இலிருந்து ஆரம்பித்தேன். மின்நிலையம் வருவதற்குள் பின் சீட்டுக்காரர் “உஷ்” என்றுவிட்டார்.